சுடுதண்ணித் தொட்டியும் ஒரு கையெழுத்தும்

1

என் கல்யாண நாள் எது என்று யாராவது கேட்டால் கொஞ்சம் யோசிப்பேன். விசா முடிகிற நாள் எது என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லிவிடுவேன். கண்டிக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. இலங்கைப் பெண்ணைக் கட்டிய இந்தியக்காரன் இங்கே இருக்க வேண்டுமானால், வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பெண் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். இவர் என் கணவர், என்னோடுதான் இருக்கிறார், இன்னும் ஒரு வருடம் இருக்க விடுங்கள் என்று. கீழே கையெழுத்து. அப்புறம் நம் ஊர் வி.ஏ.ஓ. மாதிரியான கிராம சேவகர் எங்கள் வீட்டுக்கு வந்து, ஆமாம், இந்த ஆள் இங்கேதான் இருக்கிறான் என்று சான்று தர வேண்டும். இரண்டையும் எடுத்துக்கொண்டு விசா அலுவலகத்துக்குப் போய் வரிசையில் உட்கார வேண்டும்.

கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்தில் என்னோடு மோட்டாருக்குக் கம்பி சுற்றப் பழகியவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அங்கே புருஷன் என்கிற வேலையை யாரும் வருடாவருடம் புதுப்பிப்பதில்லை. ஒருமுறை சேர்ந்தால் சேர்ந்ததுதான்.

என் மனைவி யோகராணிக்கு அந்தக் கையெழுத்தின் மதிப்பு இரண்டாம் வருடமே தெரிந்துவிட்டது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "கூரை ஒழுகுதுங்க," என்றாள். ஏறி ஓடு மாற்றினேன். கையெழுத்து விழுந்தது. அடுத்த வருடம் பீடியை விட்டேன். இன்னொரு வருடம், அவளுடைய அண்ணனோடு பேச வேண்டும் என்றாள். பேசினேன். எங்கள் வீட்டில் இது ஒரு பண்டிகை மாதிரி ஆகிவிட்டது. இங்கே பஸ் பாஸுக்கு 'சீசன்' என்று பெயர். அந்த மாதம் வந்தாலே மகள் தர்ஷிகா, "அப்பாவுக்கு சீசன் புதுசாக்கணும், இந்த வருசம் என்ன கேக்கப் போறீங்கம்மா?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

இந்த வருடம் அவள் கேட்டது தொட்டியை. ஆனால் சிரித்துக்கொண்டு கேட்கவில்லை.

2

தொட்டி என்றால் உங்களுக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சிமெண்டுத் தொட்டி நினைவுக்கு வரும். இது வேறு. பெரிய பிளாஸ்டிக் கிண்ணம் மாதிரி இருக்கும். ஐந்து பேர் வட்டமாக உட்காரலாம். உள்சுவரில் சின்னச் சின்ன மூக்குகள். பம்பு தண்ணீரை இழுத்து, ஹீட்டர் வழியாக அனுப்பி, அந்த மூக்குகளின் வழியாக முதுகில் பீய்ச்சும். வெள்ளைக்காரர்கள் இதில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பார்கள். நான் ஐந்து வருடம் பராமரிப்பு வேலை பார்த்த ஆற்றோரத்து ஹோட்டலில் இப்படி ஒன்று இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்தது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அது படுத்துவிட்டது. ஹோட்டல் கைமாறியபோது புதிய ஆட்கள், "இதைத் தூக்கிட்டுப் போறதா இருந்தா எடுத்துக்க," என்றார்கள். சின்ன லொறியில் ஏற்றி, குண்டசாலையில் எங்கள் வீட்டின் பின்புறம், பலா மரத்துக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் நடுவில் இறக்கினேன்.

மேல் அறையை அவ்வப்போது சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுவோம். அவர்களுக்கு ஆகும் என்றேன். அது ஒன்றரை வருடத்துக்கு முன்னால். அதற்குள் தவளைகள் குடிவந்தன. யோகராணி பல்லேகலையில் ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள். ஒரு சட்டையில் ஒரு தையல் தவறியிருந்தாலும் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்டவள் தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டே அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அப்போதுதான் வேலு கூப்பிட்டான். மஸ்கட்டில் என்னோடு ஒரே அறையில் எட்டுப் பேராகப் படுத்தவன். இப்போது மாலைதீவில் இருக்கிறான். "இங்க ஒவ்வொரு தீவிலயும் இந்தத் தொட்டி வரிசையா கெடக்குதுடா. ரிப்பேருக்கு ஆள் இல்ல. ரெண்டு வருஷம். மாசக் கடைசிக்குள்ள சொல்லு," என்றான்.

நான் கால் அரிக்கிற ஆள். எட்டாவதில் பள்ளியை விட்டேன், பட்டறையை விட்டேன், பம்பாயை விட்டேன், மஸ்கட்டை விட்டேன். ஒரே இடத்தில் இத்தனை வருடம் இருந்தது கண்டியில் மட்டும்தான். மகளும் இப்போது என்னிடம் அவ்வளவு பேசுவதில்லை. தோழிகளோடு சிங்களத்தில் மணிக்கணக்காகச் சிரிக்கிறாள். பல்லேகலை மைதானத்தில் இரண்டு நாடும் கிரிக்கெட் ஆடிய அன்று நீலச் சட்டை போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் நின்று கத்தினாள். அதுவும் நம் ஆட்கள் அவுட் ஆகும்போதெல்லாம். எனக்கும் அவளுக்கும் சட்டையின் நிறம் ஒன்றுதான், நாடு வேறு. நான் போனால் இவளுக்கு ஒன்றும் குறையாது என்று நினைத்தேன்.

போகலாம் என்று இருக்கிறேன் என்று யோகராணியிடம் சொன்னேன். விசாத் தாளும் மேசையில் இருந்தது.

"போறவருக்கு எதுக்குங்க விசா? இருக்குறவருக்குத்தானே விசா," என்றாள்.

"புதுப்பிக்காம விட்டா, திரும்பி வரும்போது நான் வெறும் டூரிஸ்ட்."

"வாங்க. மேல் அறை காலியாத்தான் இருக்கும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "இங்க பாருங்க. நீங்க எதையுமே பாதியிலதான் விட்டிருக்கீங்க. அந்தத் தொட்டிய மட்டும் பாதியில விட்டுட்டுப் போகாதீங்க. அத ஓட்டிக் காட்டுங்க. ஓடின அன்னைக்குக் கேப்பேன், கையெழுத்தா, டிக்கெட்டான்னு. எதச் சொன்னாலும் சரிதான். ஓடாம ஒண்ணும் கேக்கவும் மாட்டேன், எழுதவும் மாட்டேன்."

விசா முடிய மூன்று வாரம் இருந்தது.

3

தவளைகளை வாளியில் அள்ளி வாய்க்காலில் விட்டேன். கழுவி, தண்ணீர் நிரப்பி, சுவிட்சைப் போட்டேன். பம்பு 'ம்ம்ம்' என்றது. சுற்றவில்லை. சும்மா கிடந்து தண்டு இறுகியிருந்தது. பின்பக்கம் திருப்புளியை விட்டு நாலு சுற்றுச் சுற்றிவிட்டதும் கிளம்பியது. தண்ணீர் வரவில்லை. குழாயில் காற்று அடைத்துக்கொண்டிருந்தது. பம்பின் வாயில் இருந்த மரையைக் கொஞ்சம் தளர்த்தினேன், புஸ்ஸென்று காற்று போனது, தண்ணீர் சொட்டியதும் இறுக்கினேன். எல்லா மூக்கிலிருந்தும் தண்ணீர் பொங்கியது. ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன் என்று யோகராணியைக் கூப்பிட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் நின்றுவிட்டது.

மோட்டாரைத் தொட்டால் தோசைக்கல். ஆறவிட்டுப் போட்டேன். ஓடியது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தோசைக்கல். சூடு ஏறினால் தானாக வெட்டிக்கொள்கிற ஏற்பாடு உள்ளே இருக்கிறது. அதன் புண்ணியத்தில்தான் இத்தனை வருடம் எரியாமல் கிடந்திருக்கிறது.

கெப்பாசிட்டரை மாற்றினேன். அதே கதை. அதற்கு முன்னாலும் யார் யாரோ மாற்றியிருந்தார்கள். பழைய கெப்பாசிட்டர்கள் மூன்று அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. பம்பைப் பிளந்து உள்ளே சுழல்கிற சக்கரத்தை எடுத்தேன். ஒரு கொண்டை ஊசி, ஒரு குழந்தையின் சாக்ஸ், பந்து பந்தாக வெளிநாட்டுத் தலைமுடி. சுத்தம் செய்து பூட்டினேன். தோசைக்கல். தாங்கு வளையங்களை மாற்றினேன். தோசைக்கல். நிழல் கட்டினேன், மேசை மின்விசிறி வைத்தேன். மோட்டாருக்கு விசிறி வீசுகிற வீடு குண்டசாலையில் எங்களுடையது ஒன்றுதான் இருந்திருக்கும்.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பண்டார ஐயா எட்டிப் பார்த்தார். முப்பது வருடம் தெல்தோட்டைப் பக்கம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற சிங்களவர். தேயிலைத் தோட்டத்துத் தமிழ் ஜனங்களை ஏற்றி இறக்கிப் பழகிய தமிழ் அவருடையது. அவருக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் பஸ்ஸுக்குள் வேண்டிய தமிழ்தான்.

"தம்பி, வண்டி கெளம்பலையா?"

"கெளம்புது ஐயா. நடுவுல நின்னுடுது."

"அப்ப எறங்கித் தள்ளணும்," என்றார். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

ஒரு சனிக்கிழமை தர்ஷிகா பக்கத்தில் வந்து குந்தினாள். மோட்டாரின் தகட்டைத் துடைத்துப் படித்தாள்.

"அப்பா, இதுல அறுபதுன்னு இருக்கே. ஹேர்ட்ஸ் அறுபது. நம்ம நாட்டுல கரண்ட் அம்பதுதானே. சயன்ஸ் புக்ல இருக்கு."

நானும் குனிந்து பார்த்தேன். அறுபதுதான்.

"இந்தியாவுல எவ்வளவு?"

"அங்கயும் அம்பதுதான் கண்ணு."

"அப்ப எப்படி உங்களுக்குத் தெரியாமப் போச்சு?" என்று கேட்டுவிட்டு, உள்ளே போய் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். சமையலறையிலிருந்து இரண்டு சிரிப்புக் கேட்டது.

4

எப்படித் தெரியாமல் போனது என்று சொல்கிறேன். நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்.

மோட்டாரில் போகிற கரண்ட் ஒரு நொடிக்கு எத்தனை முறை திசை மாறித் திரும்புகிறது என்பதுதான் அந்த எண். அமெரிக்காவில் அறுபது. நமக்கும் இவர்களுக்கும் ஐம்பது. அறுபதுக்கென்று சுற்றிய மோட்டாரை ஐம்பதில் ஓட்டினால் மெதுவாக ஓடும், அதிகமாகக் கரண்ட் இழுக்கும், சூடாகும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஆவாரம்பாளையத்தில் நாங்கள் யாரும் அந்த எண்ணைப் பார்த்ததே இல்லை. எல்லாமே ஐம்பதாக இருக்கிற ஊரில் ஐம்பதை யார் படிப்பார்கள்? தகட்டில் நாங்கள் படிப்பது ஒன்றே ஒன்று. எத்தனை குதிரைத்திறன்.

கிணறு வற்றுகிறதா, கூடக் குதிரை போடு. வயல் மேட்டில் இருக்கிறதா, கூடக் குதிரை போடு. மாப்பிள்ளை வீட்டில் எத்தனை ஏக்கர் என்று கேட்டுவிட்டு, மோட்டார் எத்தனை குதிரை என்று கேட்கிற ஊர் நம்முடையது. பதினாலு வயதில் நான் பட்டறையில் சேர்ந்தபோது அப்பா இறந்து மூன்று மாதம். காலையில் ஒரு டீ, மத்தியானம் முதலாளி வீட்டுச் சோறு, ராத்திரி ஒன்றும் இல்லை. அதில் துக்கப்பட ஒன்றுமில்லை, அங்கே இருந்த எல்லாப் பையன்களுக்கும் அப்படித்தான். ஆனால் நாங்கள் சுற்றிய மோட்டாரை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பும்போது, எந்த ஊர்க் கிணற்றிலோ இது தண்ணீரைத் தூக்கி எறியப்போகிறது என்று ஒரு கர்வம் வரும். அந்தக் கர்வம் மட்டும் மஸ்கட் வெயிலிலும் காயவில்லை.

அதனால்தான் அடுத்த தப்பைச் செய்தேன். கோயம்புத்தூர்க்காரனைத் தவிர வேறு எவனும் இதைச் செய்திருக்க மாட்டான்.

5

கண்டியில், குட்செட் பஸ் நிலையத்திலிருந்து சந்தைப் பக்கம் ஏறுகிற வழியில் ரியாஸ் நானாவின் மோட்டார் கடை. இங்கே முஸ்லிம் அண்ணன்களை நானா என்பார்கள். கடைக்குள் நுழையும்போதே மூலையில் அதைப் பார்த்துவிட்டேன். பச்சை வண்ணம், வார்ப்பிரும்பு உடம்பு. நம் ஊர் மோட்டார். மூன்று குதிரை. கால் தானாக அங்கே போய் நின்றது.

"அது ஒங்கட ஊர்ச் சாமான்தான்," என்றார் நானா. "வயல் வாங்கினீங்களா?"

"இல்ல நானா. குளிக்கிற தொட்டிக்கு."

அவர் மூக்குக்கண்ணாடியை மேலே தூக்கிவிட்டார். "மனுசர் குளிக்கவா, ஆன குளிக்கவா?"

"அமெரிக்கக்காரன் மோட்டார் தாங்கல நானா. இது தாங்கும்."

"இது தாங்கும். நீங்க தாங்குவீங்களாண்டு தெரியல்ல," என்றார். "நான் செல்றத கேளுங்க. ஒரு கெழம பொறுங்க. கொழும்புல ஒரு ஊட்டுல இந்த மாதிரித் தொட்டி ஒண்டு ஈக்கிது, ஒடைக்கப் போறாங்களாம். அதுட பம்ப எடுத்துத் தாறன். அம்பதுலதான் ஓடுது. ரெண்டு ஸ்பீட் ஈக்கிது, மெல்லமாவும் ஓடும், வெரசாவும் ஓடும்."

"ஒரு வாரம் எனக்கு இல்ல நானா. விசா இருக்கு."

"குளிக்கிறதுக்குமா விசா?"

எடுத்தே தீருவேன் என்றதும், "சரிப்பட்டு வரல்லண்டா திருப்பிக் கொண்டு வாங்க, கீறல் படாம," என்று ஏற்றிவிட்டார். த்ரீவீலரில் அந்த மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தென்னக்கும்புர பாலத்தைத் தாண்டும்போது, உறவுக்காரக் குழந்தையை ஊருக்கு அழைத்துக்கொண்டு போவது மாதிரி இருந்தது எனக்கு.

6

ஞாயிற்றுக்கிழமை காலை. மோட்டாரைப் பூட்டிவிட்டேன். யோகராணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் பண்டார ஐயா வீட்டு வளவு முழுக்கப் பாய் விரித்துக் கராம்பு காயவைத்திருந்தார். நாம் கிராம்பு என்போமே, அதுதான். அந்த நேரம் பார்த்து வாசலில் கிராம சேவகர் வந்தார். சிங்களப் பெண்மணி, தமிழும் நன்றாகப் பேசுவார். நாங்கள் ஜி.எஸ். மிஸ் என்போம். வருடாவருடம் வந்து என்னைப் பார்த்து, நான் இருக்கிறேன் என்று எழுதிக்கொண்டு போகிறவர்.

"இந்த முறை எங்க வேல?" என்று கேட்டுக்கொண்டே குடையோடு பின்பக்கம் வந்தார். மோட்டாரைக் காட்டலாம் என்று ஒரு ஆசை. சுவிட்சைப் போட்டேன்.

எண்பது அடிக் கிணற்றிலிருந்து தண்ணீரைத் தூக்கப் பிறந்த மோட்டார் அது. நாலு சாண் தொட்டியில் அதற்கு என்ன வேலை? முதலில் தொட்டி முழுவதும் நடுங்கியது. பிறகு மூக்குகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு பறந்தன. பொரி பொரிகிற மாதிரி பட் பட்டென்று சத்தம். ஒன்று பலா மரத்தில் அடித்தது. ஒன்று துணிக்கொடியில். மூக்கு போன ஓட்டைகளிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக எழும்பியது. ஒரு கயிறு யோகராணி காயப்போட்ட துணியை எல்லாம் மறுபடியும் துவைத்தது. ஒன்று மிஸ்ஸின் குடையைத் தலைகீழாகத் திருப்பியது. எல்லாவற்றிலும் பெரியது வளைந்து மதிலைத் தாண்டி, அந்தப் பக்கம் போய் விழுந்தது.

நான் சுவிட்சைத் தேடினேன். சுவிட்ச் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்தது. நல்லவேளையாக, கசிவு இருந்தால் தானாக வெட்டுகிற ட்ரிப் சுவிட்ச் போட்டிருந்தேன். அதுவே பார்த்து நிறுத்திவிட்டது.

அமைதி. மதிலுக்கு மேலே பண்டார ஐயாவின் தலை வந்தது. தண்ணீர் சொட்டியது.

"தம்பி," என்றார். "நம்ம கராம்பு எல்லாம் எறங்கிப் போயிருச்சி."

யோகராணி தொடங்கினாள். "ஒங்களுக்கு அறிவு இருக்கா? ஊர்ல இல்லாத மோட்டரு. ஊர்ல இல்லாத புருசன். குளிக்கத் தண்ணி வேணும்னா மழையில நின்னுக்குறேன், இது தேவையா எனக்கு?"

"ஏம்மா, அழுத்தம் கொஞ்சம் கூடிப்போச்சு, அவ்வளவுதான்."

"அழுத்தமா? நில்லுங்க, அழுத்தம்னா என்னன்னு நான் காட்டுறேன்."

மிஸ் நனைந்த முகத்தோடு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "யோகராணி, நான் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. நீங்க ரெண்டு பேரும் உண்மையிலேயே ஒரே வீட்டிலதான் இருக்கீங்களா?"

"மிஸ், இப்ப கேக்காதீங்க."

"சரி, கேக்கல. தெரிஞ்சிருச்சி," என்றார் மிஸ். பையிலிருந்த தாள் நனையவில்லை. சமையலறை மேசையில் வைத்து அங்கேயே எழுதிக் கொடுத்தார். "புருசன் பெண்சாதி இல்லாதவங்களால இப்படிச் சண்ட போட முடியாது."

அவர் போனதும் நாங்கள் மூன்று பேரும் மதிலைச் சுற்றிப் போய், பண்டார ஐயாவின் வளவில் முட்டிபோட்டுக் கராம்பு பொறுக்கினோம். நனைந்ததை எல்லாம் கூடையில் அள்ளி வந்து எங்கள் மேல் அறையில் பரப்பி, மோட்டாருக்கு வைத்த அதே விசிறியை அதற்கு வைத்தோம். பண்டார ஐயா படிக்கட்டில் நின்று, "முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க, இன்னும் எடம் இருக்கு," என்று கூடைகளை அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசிக் கூடையோடு ஏறும்போது யோகராணி நடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வராமல், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வழிய. "அந்தக் குடை," என்றாள். மறுபடியும் சிரித்தாள். "மிஸ்ஸோட குடை." தர்ஷிகா அவள் மேல் சாய்ந்து சிரித்தாள். நானும் கீழ்ப்படியில் உட்கார்ந்து சிரித்தேன். நாடே நொடித்துப்போய், பெட்ரோல் வரிசையில் நின்று, கரண்ட் இல்லாமல், ஒரு வேளை சமைத்து மூன்று வேளை வைத்துக்கொண்ட அந்தக் காலத்துக்குப் பிறகு, எங்கள் வீட்டில் இப்படி ஒரு சிரிப்பு நான் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் வேலு இரண்டு முறை கூப்பிட்டிருந்தான். எனக்குக் கேட்கவில்லை. வீடு முழுக்கக் கராம்பு வாசனை.

7

மோட்டாரைக் கழுவித் துடைத்து ரியாஸ் நானாவிடம் திருப்பிக் கொடுத்தேன். நடந்ததை மறைத்துவிட்டேன். ஆனால் அந்த மோட்டாரின் பொந்தில் ஒரு கராம்பு சிக்கியிருந்தது. அதை எடுத்து முகர்ந்து பார்த்தார். "பிரியாணி போட்டீங்களா?" என்றார்.

விசா முடியச் சில நாள் இருக்கும்போதே கொழும்புப் பம்பு வந்தது. ஐம்பதுக்கானது, இரண்டு வேகம். மெதுவான வேகத்தில் தண்ணீரைச் சுற்றவிட்டுச் சூடாக்கலாம். ஆட்கள் உட்கார்ந்ததும் வேகத்தைக் கூட்டலாம். ஆனால் தொட்டியின் குழாய் அமெரிக்க அளவு, பம்பின் குழாய் இங்கத்திய அளவு. இரண்டும் ஒரு நூல் அளவுக்கு ஒத்துவராது. பிளாஸ்டிக் குழாயைத் தீயில் காட்டி இளக்கி ஒன்றின் மேல் ஒன்றை ஏற்ற வேண்டும். அதற்கு நாலு கை வேண்டும்.

யோகராணி லீவு போட்டாள். அவளாகவே போட்டாள். நான் குழாயைத் தீயில் காட்டுவேன், அவள் கையுறை போட்டுக்கொண்டு மறுமுனையைப் பிடிப்பாள். "இப்ப," என்பேன். இருவரும் சேர்ந்து தள்ளுவோம். முதல் இரண்டும் கோணிக்கொண்டன. மூன்றாவது நேராக உட்கார்ந்தது.

தண்ணீர் விட்டதும் அவள் வேலை தொடங்கியது. தொழிற்சாலையில் துணியில் பிழை இருந்தால் அந்த இடத்தில் ஒட்டுகிற சின்னச் சிவப்பு அம்புச் சீட்டு ஒன்று உண்டு. ஒரு சுருள் கையில் இருந்தது. தொட்டியைச் சுற்றி வந்து, எங்கே ஒரு துளி கசிந்தாலும் அங்கே ஒரு அம்பு. பறந்துபோன மூக்குகளைத் தேடிப் பூட்டியிருந்தேன், அதில் இரண்டு கோணல். அங்கேயும் அம்பு. ஒயர் தொங்குகிறது, அம்பு. நான் ஒவ்வொன்றாகச் சரிசெய்து உரிப்பேன். அவள் மறுபடியும் சுற்றி வந்து வேறு இடத்தில் ஒட்டுவாள்.

"இது கசிவு இல்ல, மேல இருந்து பட்ட ஈரம்."

"தொடச்சிட்டுப் பாப்போம். திரும்ப வந்தா ரிஜெக்ட்."

திரும்ப வந்தது. ஒருமுறை நான் குனிந்திருந்தபோது என் சட்டை முதுகில் ஒன்று ஒட்டிவிட்டாள். அதோடேயே கடைக்குப் போய்விட்டு வந்தேன். இரண்டு நாளில் ஒரு அம்பும் இல்லை. மெதுவான வேகத்தில் போட்டுவிட்டு, மோட்டார் மேல் கையை வைத்தேன். வைத்த கையை எடுக்கவேண்டி வரவில்லை. பூனை முதுகு மாதிரி லேசான சூடு, அவ்வளவுதான்.

வேலு அன்றைக்கும் கூப்பிட்டான். "என்னடா, டிக்கெட் போடட்டுமா?"

"நாளைக்குச் சொல்றேன்," என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. கால் அரிப்பு என்பது ஒரு சிரிப்பில் போகிற வியாதி இல்லை.

8

மறுநாள் பௌர்ணமி, இங்கே போயா விடுமுறை. மத்தியானத்துக்குள் தண்ணீர் சூடாகிவிட்டது. முதலில் தர்ஷிகா குதித்தாள். யோகராணி தொழிற்சாலை டீ-சர்ட்டும் கால்சட்டையுமாக, படிக்கு ஒரு தடவை "ஐயோ" சொல்லிக்கொண்டு இறங்கினாள். பண்டார ஐயாவை மதிலேறி வரச்சொன்னோம். சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் வேகத்தைக் கூட்டினேன். முதுகில் தண்ணீர் பட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். "முப்பது வருசம் ஸ்டியரிங் புடிச்ச முதுகு," என்றார்.

நான் வெளியே நின்று மோட்டாரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இறங்குங்க," என்றாள் யோகராணி. இறங்கினேன். இத்தனை வருடம் இந்த மாதிரித் தொட்டிகளை வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். உள்ளே உட்கார்ந்தது அதுவே முதல் முறை. தண்ணீர் கழுத்தளவு. எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கழன்று மிதக்கிற மாதிரி இருந்தது.

"ஓடுது," என்றாள்.

"ஓடுது."

"அப்ப கேக்குறேன். கையெழுத்தா, டிக்கெட்டா?"

தர்ஷிகா தண்ணீரில் அடிப்பதை நிறுத்தினாள். பண்டார ஐயா கண்ணைத் திறக்கவில்லை, ஆனால் காது இந்தப் பக்கம் இருந்தது.

எனக்குப் பெரிய காரணம் எதுவும் தோன்றவில்லை. தோன்றியதைச் சொன்னேன். "வேலு இருக்கிற எடத்துல இந்த மாதிரி நூறு தொட்டி இருக்காம். எல்லாத்தையும் நான் ஓட்டிக் குடுக்கலாம். ஒண்ணுலயும் இறங்கி உக்கார முடியாது."

"அதனால?"

"கையெழுத்து."

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். சட்டையின் தையலைப் பார்க்கிற பார்வை. எங்கேயாவது அம்பு ஒட்ட இடம் இருக்கிறதா என்று தேடினாள். பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "மேசையில அந்தத் தாள் இருக்கு. பேனாவையும் கொண்டு வா."

"ஈரம் தொடச்சிட்டு எழுதலாம் ராணி," என்றேன்.

"இப்பவே எழுதணும். நாளைக்கு நீங்க மாறுவீங்க."

தர்ஷிகா சொட்டச் சொட்ட ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். அவள் கையிலேயே தாள் பாதி நனைந்திருந்தது. யோகராணி தொட்டியின் விளிம்பில் அதை விரித்து, நிதானமாக முழுப் பெயரும் எழுதினாள். எழுதி முடித்த இடத்திலிருந்து மை ஓடத் தொடங்கியது. முதல் எழுத்து கரைந்து இரண்டாவதோடு சேர்ந்தது. நாங்கள் நாலு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் பெயர் முழுவதும் ஒரு நீலக் குட்டையானது.

"அனே," என்று சிங்களத்தில் பதறினாள் தர்ஷிகா.

"இத அங்க எடுக்க மாட்டாங்க," என்றார் பண்டார ஐயா.

யோகராணி தாளைக் கையில் எடுத்தாள். நீலத் தண்ணீர் முழங்கைவரை வழிந்தது. "எடுக்க மாட்டாங்கதான். அப்ப நாளைக்குப் புதுத் தாள் வாங்கணும். புதுசா எழுதணும்." என்னைப் பார்த்தாள். "புதுசாக் கேக்கவும் கேப்பேன்."

"கேளு."

"இதே பதில் வரணும்."

"வரும்."

"பாப்போம்," என்று சொல்லி முதுகை மூக்குக்கு நேராக வைத்து உட்கார்ந்தாள். "இன்னும் கொஞ்சம் வேகம் வைக்க முடியாதா இதுல?"

முடியாது, இரண்டு வேகம்தான் என்றேன். அந்த நாள் முழுக்க அவள் என்னிடம் சொன்ன ஒரே குறை அதுதான்.